விளக்கு எரிந்த அன்று முடிந்துவிடுவதில்லை: கிராமத்துக்குச் சூரிய மின்சாரம் பொருத்தப் போகும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்போடியாவில் கம்போங் தோம் மாகாணத்துப் பள்ளி ஒன்றில் நாங்கள் பொருத்திய சூரிய மின்சாரத்தை, ஒன்றரை வருடம் கழித்துப் பார்க்கப் போனேன். கூரைமேல் பலகை பளபளவென்று இருந்தது. கீழே பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. விளக்கு மங்குகிறதே என்று, பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் பாட்டி பேட்டரிக்குள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வந்திருக்கிறார். காய்ச்சி வடித்த தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்று நாங்கள் எழுதி ஒட்டியிருந்தோம். ஆங்கிலத்தில்.

அப்போது நான் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன். இப்போது இங்கே சிங்கப்பூரில் கூரைகளில் சூரியப் பலகை பொருத்துவதுதான் வேலை. விடுமுறையில் இப்படிப் புறப்படும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பதெல்லாம் பலகையைப் பற்றித்தான். அந்தப் பாட்டியை நினைத்துக்கொண்டுதான் பதில் சொல்கிறேன்.

முதல் தவறு, சிங்கப்பூரில் பார்த்ததை அப்படியே அங்கே கொண்டுபோவது. வீவக எனும் அரசு அடுக்குமாடி வீடுகளின் புளோக் கூரையில் இருக்கும் பலகைகள் மின்கட்டமைப்போடு இணைந்தவை. இருட்டினால் மின்சாரம் கம்பி வழியாக வந்துவிடும், பேட்டரி தேவையில்லை. மின்கம்பம் இல்லாத ஊரில் பேட்டரிதான் உயிர், முதலில் சாவதும் அதுதான். திசையும் அப்படித்தான். சிங்கப்பூர் பூமத்திய ரேகையிலிருந்து 1.3 டிகிரிதான் வடக்கே இருக்கிறது. பலகை எந்தப் பக்கம் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. நேப்பாளம் ஏறத்தாழ 28 டிகிரியில் இருக்கிறது. அங்கே தெற்கே பார்த்து நன்றாகச் சாய்த்து வைக்காவிட்டால் குளிர்காலத்தில் அடி வாங்கும்.

அடுத்தது கணக்கு. இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். ஒரு வீட்டுக்கு 5 வாட் எல்இடி விளக்கு நான்கு, தினம் 5 மணி நேரம் எரிந்தால் 100 வாட்-மணி. மூன்று கைப்பேசிக்கு 30. 15 வாட் மின்விசிறி இரவில் 8 மணி நேரம் ஓடினால் 120. ஆக, நாளுக்கு 250. டிசம்பரில் நல்ல வெயில், நான்கு மணி நேரம் முழு வெயில் என்று வைத்துக்கொண்டு, இழப்புக்கு 30 விழுக்காட்டைக் கழித்தால், 100 வாட் பலகை 280 தரும். சரி, போதும் என்று ஊர் திரும்பிவிடுகிறோம். கம்போடியாவில் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். வெயில் இரண்டரை மணி நேரமாகக் குறைந்தால் அதே பலகை தருவது 175தான். பற்றாக்குறை பேட்டரியின் தலையில் விழும். ஈய அமில பேட்டரியைப் பாதிக்குமேல் காலியாக்கினால் ஆயுள் மளமளவென்று குறையும். அதனால் இரண்டு நாள் மேகமூட்டத்தைத் தாங்க 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணியாவது வேண்டும்: பெருக்கினால் 1,200 வாட்-மணி, அதில் பாதி 600. அப்புறம், யாராவது ஒரு தொலைக்காட்சி வாங்குவார்கள். 40 வாட், நாலு மணி நேரம், இன்னும் 160. வாங்கத்தான் செய்வார்கள், அவர்கள் வீடு அது. அதைத் தப்பு என்று சொல்லாமல் முன்கூட்டியே கேட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கம்பியையும் கவனியுங்கள். 12 வோல்ட்டில் 5 ஆம்பியரை 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 20 மீட்டர் தள்ளிக் கொண்டுபோனால், போக வர 40 மீட்டர் கம்பி. வழியிலேயே கிட்டத்தட்ட 2.4 வோல்ட் காணாமல் போகும். கடைசி அறை விளக்கு மினுக்குவதற்குப் பலகையைக் குறை சொல்லிப் பயனில்லை.

இங்கே சிம் லிம் டவர் மின்னணுக் கடைகளில் சாமான் வாங்கி மூட்டை கட்டாதீர்கள். வோல்ட், ஆம்பியர் அளக்கும் மல்டிமீட்டர் வாங்குங்கள், அது போதும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி 1,200 வாட்-மணி. பயணிகள் விமானத்தில் எடுத்துச் செல்ல உச்சவரம்பே 160. அதைவிட முக்கியம், பியூஸ் போனால் பக்கத்துச் சந்தையில் கிடைக்கவேண்டும்.

மின்கம்பம் எப்போது வரும் என்று கேட்காமல் போவது இன்னொரு தவறு. பீகாரில் தர்னை என்ற கிராமத்தில் 2014-ல் 100 கிலோவாட் சூரிய மின்நிலையம் பெரிய ஆரவாரத்தோடு தொடங்கியது. ஊர்க்காரர்கள் கேட்டது 'அசல்' மின்சாரம். அரசு மின்சாரம் மலிவாக வந்து சேர்ந்தது, சில ஆண்டுகளில் பேட்டரிகள் ஓய்ந்தன, நிலையம் மாடு கட்டும் இடமாகிவிட்டது. ஊர்க்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

பயணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது படங்களைப் பார்த்து மயங்காமல் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்: போன வருடம் பொருத்தியது இன்று ஓடுகிறதா? மூன்றாவது வருடம் பேட்டரி மாற்றப் பணம் யாரிடம் இருக்கிறது? ஊரில் யாருக்குப் பழுது பார்க்கத் தெரியும்? ராஜஸ்தானின் திலோனியாவில் 1972 முதல் இயங்கும் பேர்ஃபுட் கல்லூரி, எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களை, பாட்டிமார்களைக்கூட, ஆறு மாதத்தில் சூரியமின் பொறியாளர்களாக்கி ஊருக்கு அனுப்புகிறது. இரண்டு வாரம் போகும் நாம் பொருத்துவதில் பாதி நேரத்தையாவது கற்றுக்கொடுப்பதற்கு ஒதுக்கலாம்.

கம்போங் தோமில் அந்த முறை நாங்கள் புதுப் பலகை எதுவும் மாட்டவில்லை. புது பேட்டரி வைத்தோம். ஆசிரியர் கெமர் மொழியில் எழுதி, படமும் வரைந்து ஒட்டினார். கைப்பேசிக்கு மின்னேற்ற வருபவர்கள் காசு போட ஒரு தகர டப்பாவை வைத்தார்கள், சாவி ஆசிரியரிடம். தண்ணீர் எதுவரை இருக்கவேண்டும் என்று பேட்டரி உறைமேல் விரல் வைத்துக் காட்டினேன். பாட்டி என் கையிலிருந்த சிவப்பு மார்க்கரை வாங்கி, அந்த இடத்தில் அவரே ஒரு கோடு போட்டார்.