விவசாயிகள் சங்கக் கணக்கு: எங்கெல்லாம் கோட்டை விடுகிறோம்

உங்கள் ஊர் மஞ்சள் விவசாயிகள் சங்கத்தையோ தென்னை விவசாயிகள் சங்கத்தையோ 1975-ம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்து பலகையும் மாட்டியாச்சா? சரி, சந்தாப் பணம் யாருடைய ஜிபேக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். பொருளாளர் நேர்மையானவராகவே இருக்கட்டும், ஆனால் அதே கணக்கில் அவருடைய பால் காசும் காய் விற்ற காசும் வந்து விழும்போது மார்ச்சில் வருடக் கணக்கு முடிக்கும்போது எது சங்கத்துடையது என்று அவராலேயே பிரிக்க முடியாது, நாளைக்கு ஊரில் ஒரு பேச்சு கிளம்பினால் அவர் பெயரைக் காப்பாற்ற ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. சங்கத்தின் பெயரிலேயே பான் எண்ணும் வங்கிக் கணக்கும் வேண்டும், காசோலையில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். ஐம்பது ரூபாய் சந்தாவுக்கும் எண் போட்ட ரசீது கொடுங்கள்.

இதைவிட மோசமானது முன்பணத்தில் கை வைப்பது. கூட்டாக உரம் எடுக்க உறுப்பினர்கள் கட்டும் பணம் சங்கத்தின் வருமானமே இல்லை, மூட்டை அவர்கள் கைக்குப் போகும்வரை அது சங்கம் அவர்களுக்குத் தர வேண்டிய பாக்கி. பாஸ்புக்கில் இருப்பு நிறையத் தெரிகிறதே என்று அதில் மாநாட்டுக்கு வேன் பிடித்துவிட்டு, லோடு வந்து நிற்கும்போது பணம் பத்தாமல் முழிக்கிற நிலைமை வேண்டாம். பேரேட்டில் அதற்குத் தனிப் பக்கம் போடுங்கள், சந்தாவோடு சேர்க்காதீர்கள்.

'விவசாயத்துக்குத்தான் வரி கிடையாதே' என்பார்கள். அந்த விலக்கு நிலத்தில் விளைந்த வருமானத்துக்கு. உரம் விற்றதில் நின்ற மிச்சம், கமிஷன், வைப்புத்தொகை வட்டி எதுவும் விவசாய வருமானம் ஆகாது. லாப நோக்கமில்லாத சங்கம் என்று பதிவு செய்ததாலேயே விலக்கும் வராது, வருமான வரித் துறையில் அதற்குத் தனிப் பதிவு வாங்கி, காலம் முடியும் முன் புதுப்பிக்கவும் வேண்டும்.

மிச்சப் பணத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ளவும் கூடாது. லாபத்தில் பங்கு வேண்டுமென்றால் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்று வேறு அமைப்பு இருக்கிறது, அதை ஆரம்பியுங்கள்.

செப்டம்பர் முடிவதற்குள் பொதுக்குழுவைக் கூட்டித் தணிக்கைக் கணக்கை வாசித்து, பதிவாளர் அலுவலகத்திலும் தாக்கல் செய்துவிடுங்கள். நிர்வாகிகள் மாறினால் பதிவாளருக்குத் தெரிவிப்பதோடு தீர்மான நகலை வங்கியிலும் கொடுங்கள், இல்லாவிட்டால் போன தலைவர் கையெழுத்தில்தான் இன்னும் பணம் எடுக்க முடியும்.