துடிப்பு தடுமாறும்போது அழற்சியைத் துரத்துகிறவர்கள் செய்யும் தவறுகள்

இதய அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நோயாளி எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட ஆரம்பிக்கும் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் பெரும்பாலும் அது வரும். நாடி தாறுமாறாக ஓடும். மானிட்டரில் துடிப்புகள் ஒழுங்கே இல்லாமல் நெருங்கியும் விலகியும் விழும். இதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கும் நிலை. இதய அறுவை செய்துகொள்பவர்களில் சுமார் 20 முதல் 40 சதவீதம் பேருக்கு வருகிறது. அறுவைக்குப் பின் உடலில் அழற்சி (காயத்துக்கோ தொற்றுக்கோ உடல் காட்டும் எதிர்வினை, இன்ஃப்ளமேஷன்) உச்சம் தொடுவதும் ஏறக்குறைய இதே நாட்களில்தான்.

அழற்சியின்போது சுரக்கும் இன்டர்லூகின்-6 போன்ற பொருட்கள், இதயச் செல்களுக்குள் கால்சியம் வந்துபோகும் கணக்கைக் குழப்புகின்றன. ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்கு மின்சாரம் கடத்தும் இணைப்புகளையும் கெடுக்கின்றன. இது வருடக்கணக்கில் நீடித்தால் தசைக்கு நடுவே தழும்பு படியும். தழும்பில் மின்சாரம் பாயாது, சுற்றிக்கொண்டு போகும். அப்படிச் சுற்றிச் சுற்றி வரும் மின்னோட்டம் துடிப்பைக் குலைத்துவிடுகிறது. உடல் பருமனும் முடக்கு வாதமும் இந்தக் கோளாறுக்கு வழிவிடுவதில் அழற்சிக்கும் பங்கு உண்டு.

சரி, அப்படியானால் அழற்சியைக் குறைத்தால் துடிப்பு சீராகிவிடுமே என்று தோன்றும். தவறுகள் ஆரம்பிக்கும் இடம் இதுதான்.

முதல் தவறு, மெடிக்கல் ஷாப்பில் டைகுளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் வாங்கிப் போட்டுக்கொள்வது. இவை சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே மாத்திரை எடுப்பவருக்கு வயிற்றில் ரத்தக்கசிவு வரும் ஆபத்தும் கூடும். மூட்டு வலிக்காகத் தினமும் போடுகிறீர்கள் என்றால், இதய மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

மீன் எண்ணெய் மாத்திரை இன்னும் சுவாரசியமான கதை. ஒமேகா-3 அழற்சியைத் தணிக்கும், அதனால் துடிப்புக்கும் நல்லது என்றுதான் பலரும் நம்புகிறார்கள். ஆனால் 2018-இல் வெளியான ரெட்யூஸ்-இட் ஆய்வில், தினமும் 4 கிராம் ஒமேகா-3 மருந்து எடுத்தவர்களில் 3.1 சதவீதம் பேர் இந்தத் துடிப்புக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்ந்தார்கள், எடுக்காதவர்களில் 2.1 சதவீதம். மாரடைப்பைக் குறைத்த அதே மருந்துதான். மீன் குழம்பை நிறுத்த வேண்டியதில்லை. அதிக அளவு மாத்திரையைத்தான் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

கோல்சிசின் நம் ஊருக்கு நெருக்கமானது. செங்காந்தளிலிருந்து கிடைப்பது, மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பயிரிட்டு விதையை விற்கிறார்கள். அழற்சியை அடக்கும் இந்த மருந்து இதய அறுவைக்குப் பின் உதவுவதாகச் சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. நெஞ்சறையில் இதயம் அல்லாத அறுவைகள் செய்துகொண்ட சுமார் 3,200 பேரிடம் சோதித்து 2023-இல் முடிவு வந்தபோது, துடிப்புக் கோளாறு கணிசமாகக் குறையவில்லை, வயிற்றுப்போக்குதான் கூடியது. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு இது விஷமாகவே மாறலாம். நாட்டு மருந்து என்று கிழங்கை அரைத்துக் குடிப்பது உயிரைப் பறிக்கும்.

ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்வதும் வேண்டாம். சளி பிடித்தாலும் ஈறு வீங்கினாலும் அது ஏறும். துடிப்பைப் பற்றிச் சொல்ல இசிஜியும், ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியும்தான் வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தரும் தவறு வேறு. "நிமோனியா வந்தப்போ படபடப்பு வந்துச்சு, காய்ச்சலோட போயிடுச்சு" என்று ஃபைலை மூடிவிடுவது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில், தொற்று, அறுவை போன்ற தற்காலிகக் காரணத்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 15 ஆண்டுகளுக்குள் 62 சதவீதம் பேருக்கு அது திரும்ப வந்தது. இந்த நோய் பக்கவாத ஆபத்தைச் சுமார் ஐந்து மடங்காக்கும். ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த ஒரு வரி இருந்தால் பத்திரப்படுத்துங்கள். ரத்தக்கட்டியைத் தடுக்கும் மாத்திரை வேண்டுமா என்று கேளுங்கள்.

இந்தியாவில் இன்னொன்றும் உண்டு. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், அழற்சியால் இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வைச் சுருக்கிவிடும்; பிற்பாடு மேலறை விரிந்து துடிப்பு கெடும். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான் என்று மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை நிறுத்தாதீர்கள். இப்படி வால்வு சுருங்கித் துடிப்பும் கெட்ட பெரியவர்களானால், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பிடி ஐஎன்ஆர் சோதனையைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினை விட்டு ரிவராக்ஸபன் போன்ற புது மாத்திரைக்குத் தாமாகவே மாறக் கூடாது. இத்தகைய நோயாளிகளிடம் நடந்த இன்விக்டஸ் ஆய்வில் (2022), ரிவராக்ஸபனைவிட வார்ஃபரின் வகை மருந்து எடுத்தவர்களிடம்தான் இறப்பு குறைவாக இருந்தது.

கடைசியாக, இளைஞர்களுக்கு. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு மயோகார்டைட்டிஸ், அதாவது இதயத் தசை அழற்சி, என்று சொல்லியிருந்தால் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் கடும் உடற்பயிற்சி கூடாது. உடம்பு தெம்பாகிவிட்டது என்று ஜிம்முக்கும் கிரிக்கெட்டுக்கும் ஓட வேண்டாம். இசிஜி, எக்கோ, ஹோல்டர் பார்த்து மருத்துவர் சரி என்ற பிறகு போகலாம். இடையில் படபடப்போடு மயக்கம் போட்டால், காலை வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.