டை போட்டு எடுக்கும் மார்பக ஸ்கேன்: கிளம்புவதற்கு முன்னால்

மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) ரிப்போர்ட்டில் 'அடர்த்தியான மார்பகம்' என்று எழுதி, டை (ரத்தக்குழாயில் ஊசி வழியாக ஏற்றும் மருந்து) போட்டு இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்களா? என் அண்ணிக்கு இரண்டு வகை ஸ்கேனும் எடுத்தபோது கூடவே இருந்தேன். அதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். என்னைக் கேட்டால், படம் தெளிவாக வருமா வராதா என்பதில் பாதி, மெஷின் அறைக்குள் நுழைவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

டை எதற்கு? சாதாரண மேமோகிராமில் அடர்ந்த திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. வளரும் புற்றுக்கட்டி புது ரத்தக்குழாய்களை உண்டாக்கிக்கொள்ளும். அவை கசியக்கூடியவை என்பதால் டை அங்கே தேங்கி, கட்டியைக் காட்டிக்கொடுக்கும்.

1. எந்த ஸ்கேன் என்று சீட்டைப் பாருங்கள். கான்ட்ராஸ்ட் மேமோகிராம் என்றால் அயோடின் டை. எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் எடுக்கும் ஸ்கேன்) என்றால் காடோலினியம் டை, கதிர்வீச்சு கிடையாது. மூடிய இடத்தில் பயம் வருபவர்களும், குப்புறப் படுக்க முடியாதவர்களும் எம்.ஆர்.ஐ.க்குப் பதில் கான்ட்ராஸ்ட் மேமோகிராம் போதுமா என்று டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள். பரம்பரையாக மார்பகப் புற்று வரும் குடும்பம் என்றால் நான் எம்.ஆர்.ஐ. பக்கம்தான்.

2. தேதி. இதைப் பலரும் சொல்வதே இல்லை. மாதவிலக்கு நிற்காதவர்களுக்கு, முன்னெச்சரிக்கைச் சோதனைக்காக எடுக்கும் எம்.ஆர்.ஐ. என்றால், விலக்கான முதல் நாளிலிருந்து எண்ணி 7 முதல் 14-ஆம் நாளுக்குள் எடுப்பது நல்லது. சுழற்சியின் பிற்பாதியில் ஹார்மோன் காரணமாக நல்ல திசுவே டையை உறிஞ்சி மினுங்கும். அந்த மினுக்கத்தில் சின்னக் கட்டி மறையலாம். ஒன்றும் இல்லாத இடம் சந்தேகத்தைக் கிளப்பி, தேவையில்லாமல் பயாப்ஸி (சதையைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கும் சோதனை) வரைக்கும் இழுத்துப்போகலாம். அண்ணிக்கு முதலில் கொடுத்த தேதி நான்காவது வாரத்தில் விழுந்தது. போன் செய்து கேட்டோம், உடனே மாற்றிக் கொடுத்தார்கள். நாமாகக் கேட்டிருக்காவிட்டால் அந்தத் தேதியிலேயே எடுத்திருப்பார்கள். ஆனால் புற்று என்று ஏற்கெனவே உறுதியானவர்கள் இதற்காக ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

3. ரத்தப் பரிசோதனை, மாத்திரை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். சிறுநீரகம் மிகவும் பலவீனமாக இருந்தால் அயோடின் டைக்குப் பிறகு 48 மணி நேரம் அதை நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். முன்பு ஏதாவது ஸ்கேனில் டை ஒத்துக்கொள்ளவில்லையா, வீசிங் உண்டா, தைராய்டு அதிகமா, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா? எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது நர்ஸ் மாறும்போது காணாமல் போகும், தாள் போகாது. பழைய மேமோகிராம் ஃபிலிம், சிடி இரண்டையும் எடுத்துப்போங்கள். ரிப்போர்ட் மட்டும் போதாது.

4. அன்றைக்கு. சேலை வேண்டாம், சுடிதார் வசதி. மேமோகிராம் என்றால் பவுடர், டியோடரன்ட் கூடாது. எம்.ஆர்.ஐ.க்குத் தாலியைக் கழற்ற வேண்டும். தாலிக்கொடியில் மாட்டிய ஊக்கு காந்தத்தால் இழுக்கப்படும், அதனால் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். அக்குள் நெறிகட்டிகளை ஆபரேஷனில் எடுத்திருந்தால், டை ஏற்றும் ஊசிக்குழாயை (வென்ஃப்ளான்) மறு கையில் போடச் சொல்லுங்கள்.

5. உள்ளே. மேமோகிராமில் முதலில் ஊசி, 60 கிலோ எடைக்கு ஏறக்குறைய 90 மில்லி. இரண்டு நிமிடம் கழித்துத்தான் மார்பகத்தை அழுத்துவார்கள். உடம்பெல்லாம் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை தட்டும். சட்டென்று அடங்கிவிடும். ஊசி போட்ட இடம் வீங்கினாலோ எரிந்தாலோ, மூச்சு இறுகினாலோ பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லுங்கள்.

எம்.ஆர்.ஐ.யில் டைக்கு முன் ஒரு படம், பின் பல படங்கள் எடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்ப்பார்கள். நூலளவு நகர்ந்தாலும் கணக்கு கெடும். கழுத்து, நெஞ்செலும்பு எங்கே உறுத்துகிறது என்று தொடங்குவதற்கு முன்பே சொல்லித் தலையணையைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

6. பிறகு. தண்ணீர் குடியுங்கள். சில மணி நேரமோ சில நாளோ கழித்தும் தடிப்பு, அரிப்பு வரலாம். வந்தால் சென்டருக்குத் தெரிவியுங்கள். ரிப்போர்ட்டில் 'மறுபடி அல்ட்ராசவுண்ட்' என்று வந்தால் கலங்க வேண்டாம். எம்.ஆர்.ஐ. மினுங்கிய இடத்தைத் தேடிப் பார்க்கும் வழக்கமான அடுத்த படி அது.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்ட இரண்டு கேள்விகள். இறால், மீன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்த ஒரே காரணத்தால் அயோடின் டை ஆகாது என்பது தவறான நம்பிக்கை. தாய்ப்பால் கொடுப்பவர்கள் இரண்டு வகை டைக்குப் பிறகும் நிறுத்த வேண்டியதில்லை, பாலில் கலப்பது மிக மிகக் குறைவு. மனம் ஒப்பவில்லை என்றால் முன்கூட்டியே பாலை எடுத்து வைத்து, ஒரு நாள் அதைக் கொடுக்கலாம்.