காசு கொடுத்து ஈமெயில் விளம்பரம்: வீட்டுத் தொழில் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு, அம்மாப்பேட்டையில் வெண்பட்டு, ஏற்காட்டில் காப்பித்தூளும் மிளகும் என்று சேலத்தைச் சுற்றி வீட்டிலிருந்தே விற்பவர்கள் நிறைய. வாட்ஸப்போடும் இன்ஸ்டாகிராமோடும் நிற்காமல் ஈமெயில் பட்டியலும் சேர்க்க நினைப்பது நல்ல யோசனைதான். இன்ஸ்டாகிராம் கணக்கு ஒரு நாள் முடங்கிப்போனாலும் அந்தப் பட்டியல் உங்கள் கையில் இருக்கும். அதைச் சீக்கிரம் வளர்க்கலாம் என்று காசை இறக்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள்.

முகவரிகளை மொத்தமாக விலைக்கு வாங்குவதுதான் ஆகப் பெரிய தவறு. அது விளம்பரமே அல்ல. தன் வாசகர்களுக்கு வழக்கமாக மெயில் அனுப்பும் ஒருவர், காசு வாங்கிக்கொண்டு உங்கள் விளம்பரத்தையும் அதில் போடுவார். விருப்பமுள்ளவர்கள் உங்கள் பக்கத்துக்கு வந்து தாங்களாகவே பதிவு செய்வார்கள். ஈமெயில் விளம்பரம் என்றால் இதுதான். விலைக்கு வாங்கிய பட்டியலில் இருப்பவர்களுக்கோ உங்கள் பெயரே தெரியாது. அவர்கள் ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்துவார்கள். 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கூகுளின் ஜிமெயில் விதிகளின்படி, ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது, அதாவது ஆயிரத்துக்கு மூன்று. அதைத் தாண்டினால் பழைய வாடிக்கையாளருக்கு நீங்கள் அனுப்பும் பில்கூட ஸ்பேம் பெட்டிக்குள் போய் விழலாம்.

அடுத்தது, பொருந்தாத பட்டியலில் விளம்பரம் போடுவது. ஒரு கிளிக்குக்கு இவ்வளவு என்று விற்கப்படும் ஈமெயில் விளம்பரங்களில் பெரும்பகுதி ‘வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்’ கூட்டத்துக்குத்தான் போகும். அவர்கள் வருமானம் தேடுகிறவர்கள், காப்பித்தூள் தேடுகிறவர்கள் இல்லை. காசு கொடுக்கும் முன் அந்தப் பட்டியலில் நீங்களே சேர்ந்து, இரண்டு வாரம் என்னென்ன வருகிறது என்று பாருங்கள். தினமும் நாலு விளம்பரம் வந்தால் விட்டுவிடுங்கள். சமையல் குறிப்புக்காகவே படிக்கப்படும் ஒரு சின்னப் பட்டியல், ஆள் குறைவாக இருந்தாலும், உங்களுக்கு அதைவிட நல்லது.

‘பதிவு செய்தால் வெள்ளிக் கொலுசு குலுக்கல்’ என்று ஆசை காட்டுவதும் வேண்டாம். கொலுசுக்காக வருகிறவர்கள் குலுக்கல் முடிந்ததும் போய்விடுவார்கள். விற்கும் பொருளோடு ஒட்டிய ஒன்றைக் கொடுங்கள்: சிக்கரி கலந்த தூளுக்கும் கலக்காத தூளுக்கும் டிகாஷன் அளவு என்ன, ஃபில்டரில் தூளை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று ஒரு பக்கக் குறிப்பு போதும். அதைக் கேட்டு வருகிறவர் காப்பி குடிக்கிறவர்.

கிளிக் செய்பவரை நேராகக் கடைப் பக்கத்துக்கு அனுப்பினால் பாதிப் பணம் அங்கேயே போய்விடும். இருபது பொருள், ஐந்து பட்டன், மேலே ஓடும் தள்ளுபடிப் படங்கள். வந்தவர் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். பதிவுக்கென்று தனிப் பக்கம் வேண்டும். ‘ஏற்காட்டுக் காப்பிக்கு டிகாஷன் அளவு’ என்று ஒரு வரி, வறுத்த கொட்டையின் படம் ஒன்று, ஈமெயில் முகவரிக்கு ஒரு கட்டம், ஒரு பட்டன். மாதம் எத்தனை மெயில் வரும் என்பதையும் அடியில் எழுதுங்கள். ஃபோன் நம்பர் கேட்காதீர்கள். கேட்டால் பலர் பின்வாங்குவார்கள். பக்கத்தை உங்கள் ஃபோனில், மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். படம் வரத் தாமதமானால் அளவைக் குறையுங்கள்.

கிளிக்கை எண்ணிச் சந்தோஷப்படுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. வைரஸ் சோதிக்கும் மென்பொருள்கள் தாமாகவே லிங்க்கைத் திறந்து பார்க்கும். அதுவும் கிளிக் கணக்கில் சேரும். எத்தனை பேர் மெயிலைத் திறந்தார்கள் என்ற எண்ணையும் நம்ப முடியாது. 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, படிக்காத மெயிலும் திறந்ததாகவே காட்டலாம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கிளிக் 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 200 கிளிக்குக்கு 8,000 ரூபாய். அதில் 60 பேர் பதிவு செய்து, 30 பேர் மட்டும் தங்கள் மெயிலுக்கு வரும் உறுதிப்படுத்தும் லிங்க்கை அழுத்தினால், ஆளுக்கு 267 ரூபாய். அந்த 30 பேரில் 3 பேர் வாங்கினால், ஒரு வாடிக்கையாளருக்கு 2,667 ரூபாய். பாக்கெட்டுக்கு 80 ரூபாய் லாபம் என்றால், ஒருவர் 34 பாக்கெட் வாங்கிய பிறகுதான் போட்ட காசு திரும்பும். இந்தக் கணக்கு கட்டுப்படியாகுமா என்று விளம்பரத்துக்கு முன்பே பாருங்கள்.

உறுதிப்படுத்தும் லிங்க் வைத்தால் ஆள் குறைகிறார்களே என்று சிலர் அதை எடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பொய் முகவரியும் தப்பாக அடித்த முகவரியும் அங்கேதான் கழியும்.

பதிவு செய்தவருக்கு அன்றைக்கே முதல் மெயில் போக வேண்டும். பத்து நாள் கழித்துப் போனால், யார் இவர்கள் என்று ஸ்பேமில் தள்ளிவிடுவார்கள். ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு மெயில் சேவை வழியாக மொத்தமாக அனுப்புவதும் கூடாது. சொந்த டொமைன் (உங்கள் கடைப் பெயரில் இணைய முகவரி) வாங்கி, மெயில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அமைப்புகளையும் சரியாக அமைத்துக்கொள்ளுங்கள். மெயில் சேவையின் உதவிப் பக்கத்திலேயே வழி இருக்கும். பட்டியலிலிருந்து விலகும் லிங்க் எல்லா மெயிலிலும் கண்ணில் படும்படி இருக்கட்டும்.

அப்புறம், மொத்தப் பணத்தையும் ஒரே விற்பனையாளரிடம் ஒரே தடவையில் கொடுக்காதீர்கள். முதலில் குறைந்த அளவு வாங்குங்கள். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தனி லிங்க் வையுங்கள். இரண்டு மாதம் கழித்து, எந்த லிங்க் வழியாக வந்தவர்கள் வாங்கினார்கள் என்று பார்த்த பிறகு அடுத்த தொகையைப் போடுங்கள். ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் காலம் பெரும்பாலும் நவம்பர் வாக்கில் தொடங்கும். புதுத்தூள் விற்கப் போகிறவர் ஆகஸ்டிலேயே சின்ன அளவில் சோதித்துப் பார்த்துவிட்டால், அறுவடைக்குள் எந்தப் பட்டியல் தேறும் என்று தெரிந்துவிடும்.