பீ-பாட் ரோபோவும் மூன்று பிள்ளைகளும்: ஒரு வகுப்பறை வழிகாட்டி

தேனீ வடிவிலான பீ-பாட் என்னும் தரை ரோபோ, முன் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் 15 செ.மீ. நகரும்; திரும்பும் பொத்தானை அழுத்தினால் நின்ற இடத்திலேயே 90 பாகை திரும்பும். அழுத்திய கட்டளைகள் முதலில் அதன் நினைவில் சேரும்; நடுவிலுள்ள GO பொத்தானை அழுத்திய பிறகே அவை வரிசையாக நிறைவேறும். திரையும் தட்டச்சும் தேவைப்படாததால், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் வயதிலேயே பிள்ளைகளுக்கு நிரலாக்கத்தை இதன் வழியே அறிமுகப்படுத்தலாம்.

முதலில் சார்ட் தாளில் 15 செ.மீ. பக்கமுள்ள கட்டங்களை வரைந்து, சுருக்கம் விழாதபடி தரையில் ஒட்டுங்கள். ரோபோவைக் கட்டத்தின் நடுவில் நேராக வைக்காவிட்டால் நான்கைந்து நகர்வுகளில் அது கோட்டைத் தாண்டிவிடும்.

ரோபோவைக் கையில் கொடுப்பதற்கு முன் ஒரு பிள்ளையையே ரோபோவாக நடக்கவிடுங்கள். இதற்குத் தாராளமாக நேரம் கொடுக்க வேண்டும்; ஏனெனில் இடப்பக்கம் திரும்பும் பொத்தானை அழுத்தினால் ரோபோ பக்கத்துக் கட்டத்துக்கே போய்விடும் என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் எதிர்பார்க்கிறார்கள். திரும்புவது வேறு, நகர்வது வேறு என்பதும், ரோபோ நம்மை நோக்கி வரும்போது அதன் இடப்பக்கம் நமக்கு வலப்பக்கம் என்பதும் உடம்பால் செய்து பார்த்தால்தான் மனத்தில் பதியும்.

ஒரு ரோபோவுக்கு மூவர் போதும். ஒருவர் அம்புக்குறி அட்டைகளை வரிசையாக அடுக்கி வழி வகுக்க வேண்டும். இன்னொருவர் அட்டையில் உள்ளதை மட்டுமே அழுத்த வேண்டும். மூன்றாமவர் ரோபோ ஓடும்போது அட்டைகளின் மேல் விரலை நகர்த்தி, எந்த அட்டையில் வழி தவறியது என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் பொறுப்புகள் மாற வேண்டும். அட்டைகளை விட்டுவிடாதீர்கள் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். அவை இல்லாத குழுவில் "அவன்தான் தப்பா அழுத்திட்டான்" என்று சண்டை மூளும். அவை இருந்தால் "நாலாவது அட்டையைத் திருப்பி வை" என்று பேச்சு மாறும். பிழை ஒரு பிள்ளையின் தலையில் விழாமல் எல்லோரும் சேர்ந்து திருத்த வேண்டிய வேலையாகிறது.

பழைய கட்டளைகளை அழிக்கும் பொத்தானை அழுத்த மறந்தால், ரோபோ முந்தைய வழியில் போன பிறகே புதிய வழியைத் தொடரும். இதை உடனே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். இது கருவியின் இயல்பே தவிரப் பிள்ளையின் சிந்தனைப் பிழையன்று. ஆனால் வழியிலுள்ள பிழையை நீங்கள் சொல்லாதீர்கள்; பிள்ளைகளே கண்டுபிடிக்கும்வரை காத்திருங்கள்.

குழுக்கள் பழகிய பின், ஒரு கட்டத்தில் தடையை வைத்து, ஒரே இலக்குக்கு இரண்டு வழிகளைக் கேளுங்கள். பிறகு ஒரு குழு அடுக்கிய அட்டைகளை அடுத்த குழு வாய்விளக்கம் எதுவுமின்றி ஓட்டிப் பார்க்கட்டும்.