ஜாவாவில் ஆப்ஜெக்ட்களை வரிசைப்படுத்துவது: ட்ரீசெட்டில் மீனா ஏன் காணவில்லை?

எண்களை வரிசைப்படுத்த ஜாவாவுக்கே தெரியும். நாம் எழுதிய 'மாணவர்' கிளாஸ் என்றால் யார் முன்னே, யார் பின்னே என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். கிளாஸ் எழுதவும் லிஸ்டில் ஆப்ஜெக்ட் சேர்க்கவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நம் மாணவருக்குப் பெயர், மதிப்பெண், பதிவு எண் மூன்றும் உண்டு.

படி 1: கம்பேரபிள்

கிளாஸ் 'கம்பேரபிள்' இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் செய்யட்டும். உள்ளே 'கம்பேர்டூ' மெத்தட். இந்த ஆப்ஜெக்ட் முன்னால் வர வேண்டுமானால் மைனஸ் எண், பின்னால் என்றால் பிளஸ் எண், சமம் என்றால் 0. குறிதான் முக்கியம், எண் எதுவாகவும் இருக்கலாம்.

ஒரு மதிப்பெண்ணிலிருந்து இன்னொன்றைக் கழித்து விடையை அப்படியே திருப்பி அனுப்பும் குறுக்குவழியை நிறைய இடங்களில் பார்ப்பீர்கள். வேண்டாம். ஜாவாவின் முழு எண் வகையான 'இன்ட்' 2147483647 வரைதான் தாங்கும். 200 கோடியிலிருந்து மைனஸ் 200 கோடியைக் கழித்தால் 400 கோடிக்குப் பதில் -294967296 வரும், வரிசை தலைகீழாகிவிடும். 'இன்டிஜர்.கம்பேர்' இருக்கும்போது கழித்தல் எதற்கு?

படி 2: ட்ரீசெட்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இங்கேதான். ட்ரீசெட் என்பது ஆப்ஜெக்ட்களை வரிசையாக வைத்துக்கொள்ளும், ஒன்றையே இரண்டு முறை ஏற்காத தொகுப்பு. கவிதா 92, செல்வி 87, மீனா 92. மதிப்பெண்ணை மட்டும் ஒப்பிடும் கம்பேர்டூவோடு மூவரையும் இதே வரிசையில் ட்ரீசெட்டில் போடுங்கள். உள்ளே இருவர்தான் இருப்பார்கள். எர்ரர் எதுவும் வராது. மீனாவுக்கு 'ஆட்' மெத்தட் ஃபால்ஸ் என்று மட்டும் சொல்லும், அதை யாரும் பார்ப்பதில்லை. இன்னும் குழப்புவது, 'கன்டெய்ன்ஸ்' வைத்து மீனா இருக்கிறாளா என்று கேட்டால் ட்ரூ வரும்!

காரணம் இதுதான்: இரண்டு ஆப்ஜெக்ட்கள் சமமா என்று சொல்லும் 'ஈக்வல்ஸ்' மெத்தடை ட்ரீசெட் தொடுவதே இல்லை. கம்பேர்டூ 0 கொடுத்தால் இரண்டும் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்ளும். தசம எண்களுக்கான ஜாவாவின் சொந்த 'பிக்டெசிமல்' கிளாஸிலும் இப்படித்தான்: 2.0, 2.00 இரண்டையும் ஈக்வல்ஸைப் பார்க்கும் ஹாஷ்செட்டில் போட்டால் இரண்டும் நிற்கும், ட்ரீசெட்டில் ஒன்றுதான். லிஸ்டை 'சார்ட்' செய்யும்போது இந்தச் சிக்கல் இல்லை. சமமானவர்கள் வந்த வரிசையிலேயே இருப்பார்கள். அதனால்தான் லிஸ்டில் சரியாக ஓடிய கோடு, ட்ரீசெட்டுக்கு மாறியதும் ஆட்களைத் தொலைக்கிறது.

தீர்வு: மதிப்பெண் சமமானால் பதிவு எண்ணையும் ஒப்பிடுங்கள். இருவருக்கு ஒரே பதிவு எண் இருக்காது, எனவே தவறான 0 வராது.

படி 3: கம்பேரேட்டர்

ஒரு பக்கத்தில் பெயர் வரிசை, இன்னொன்றில் மதிப்பெண் வரிசை என்று வேண்டுமானால் கிளாஸுக்கு வெளியே 'கம்பேரேட்டர்' (ஒப்பிடும் விதியை மட்டும் கொண்ட தனி ஆப்ஜெக்ட்) எழுதலாம். 2014இல் வந்த ஜாவா 8 இதை மிகவும் எளிதாக்கியது. 'கம்பேரிங்இன்ட்' என்று மதிப்பெண்ணைக் கொடுத்து, அதன் பின்னால் 'தென்கம்பேரிங்' என்று பதிவு எண்ணைக் கோத்தால் ஒரே வரியில் வேலை முடிந்தது. கம்பேர்டூவுக்குள் இஃப்-எல்ஸ் அடுக்குவதைவிட இதுதான் எனக்குப் பிடிக்கும். படிக்கும்போதே வரிசை புரிகிறது.

பிற்சேர்க்கை: அதிக மதிப்பெண் முதலில் வர 'ரிவர்ஸ்ட்' போட்டால் கம்பைல் ஆகவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். லாம்ப்டாவுக்கு (அம்புக்குறி போட்டு எழுதும் பெயரில்லாத சிறு ஃபங்ஷன்) பின்னால் ரிவர்ஸ்ட் ஒட்டினால் கம்பைலருக்கு டைப் தெரியாமல் போகும். லாம்ப்டாவுக்குப் பதில் இரட்டை முக்காற்புள்ளி போட்ட மெத்தட் ரெஃபரன்ஸ் கொடுங்கள். ரிவர்ஸ்ட் தனக்கு முன்னால் உள்ள முழுச் சங்கிலியையும் திருப்பும். மதிப்பெண் மட்டும் திரும்ப வேண்டுமானால் தென்கம்பேரிங்குக்கு முன்பே அதைப் போட வேண்டும்.

இன்னொரு பிற்சேர்க்கை: தமிழ்ப் பெயர்களை வரிசைப்படுத்தினால் கமலாவுக்கு முன்னால் கனகா வருகிறாள். 'ஸ்ட்ரிங்' கிளாஸின் கம்பேர்டூ யூனிகோடு எண்களைத்தான் பார்க்கும். அங்கே ந-வுக்கு அடுத்த இடத்திலேயே ன இருக்கிறது. அகராதி வரிசைக்கு 'ஐசியூ4ஜே' நூலகத்தில் மொழிக்கேற்பச் சொற்களை ஒப்பிடும் 'கொலேட்டர்' எடுத்து, மொழியைத் தமிழ் என்று கொடுங்கள். அதுவும் ஒரு கம்பேரேட்டர்தான், எனவே கம்பேரிங் மெத்தடின் இரண்டாவது ஆர்கியுமென்டாக நேராகக் கொடுத்துவிடலாம்.