சுய உதவிக் குழுத் தலைமை: எங்கே கண்டிப்பு, எங்கே கலந்து பேசுதல்

மகளிர் குழுவின் ஊக்குநர் எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் பேசினால் குழு நிலைக்காது. வேலைக்கேற்பக் குரல் மாற வேண்டும்.

பணத்தில் கண்டிப்பு. சேமிப்பை எல்லோர் முன்னிலையிலும் எண்ணி, பாஸ் புத்தகத்தில் அங்கேயே எழுதி, தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கிய பிறகே கூட்டத்தைக் கலையுங்கள். தாமத அபராதம் உங்கள் நாத்தனாருக்கும் உண்டு. ஒருமுறை விட்டுக்கொடுத்தால் அடுத்த மாதம் நான்கு பேர் காரணத்தோடு வருவார்கள்.

கடன் யாருக்கு முதலில் என்பதில் மட்டும் வாயைத் திறக்காதீர்கள். வட்டமாக உட்காரவைத்து, வழக்கமாகப் பேசாதவரிடம் முதலில் கேளுங்கள். உங்கள் கருத்து கடைசியில். நீங்கள் முந்திக்கொண்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு தவணை நின்றதும், "நீங்கதானேக்கா குடுக்கச் சொன்னீங்க" என்பார்கள். வசூலும் உங்கள் தலையில்தான்.

உளவியலாளர் குர்ட் லெவின் குழுவினர், 1939இல் வெளியான ஓர் ஆய்வில், பத்து வயதுச் சிறுவர்களிடம் இதைச் சோதித்தார்கள். அதிகாரத் தலைவர் அறையை விட்டுப் போனதும் வேலை தொய்ந்தது. கலந்து பேசிய தலைவர் போன பின்னும் ஓடியது. நீங்களும் ஒரு கூட்டத்துக்குப் போகாமல் இருந்து பாருங்கள். நோட்டு எழுதப்பட்டிருக்கிறதா?

முழுதாக ஒதுங்கி நிற்பது பழைய குழுவுக்குச் சரி. புதுக் குழுவில் அப்படிச் செய்தால், சத்தமாகப் பேசும் ஒருத்தர் தானாகவே தலைவியாகிவிடுவார். மற்றவர்கள் மெல்லக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்துவார்கள்.